நூற்றிருபது கிராம்

ஒலுமடு ஒழுங்கைக்குள் திரும்பும்போது
பாண் வண்டியின் பாட்டை நிறுத்திவிடுகிறேன் இப்போது.
முந்தி அந்தப் பாட்டுக்குத்தான்
பிறவுணி படலையைப் பாயும்.
விற்காமல் மிஞ்சின சீனிப் பணிஸ் இரண்டு,
நசிந்த ஜாம் பணிஸ் ஒன்று,
ஐசிங் ஒட்டின கடதாசி.
ஒன்பது வருசம்
நட்டம் என்று எழுதவேண்டிய இடத்தில்
நாய் என்று எழுதியிருக்கிறேன் கொப்பியில்.

மாசியில் கிணற்றடி வாளிக்குள் தலையை விட்டது,
எடுக்கவேயில்லை.
குடித்தது. குடித்ததெல்லாம் பெய்தது.
பெய்த இடமெல்லாம் எறும்பு.
"என்ர அப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது"
என்றாள் கோதைமலர், சுளகைக் கீழே வைக்காமலே.

ஒட்டுசுட்டானில் மிருக வைத்தியர்
காதோரம் ஒரு துளி எடுத்து மெசினுக்குக் கொடுத்தா.
நானூற்றுப் பன்னிரண்டு.
வாசலில் நின்ற என் வண்டியைப் பார்த்தா,
கண்ணாடிக்குள் அடுக்கியிருந்ததைப் பார்த்தா,
என்னைப் பார்த்தா.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

சீனி வருத்தக்கார நாய்க்கென்றே
கொழும்பிலிருந்து பை வருமாம்.
ஒரு பை, என் வண்டி எட்டு நாள் ஓடின காசு.
"அப்ப சமைச்சுக் குடுங்கோ.
ஆனா ஒரே சாப்பாடு, ஒரே அளவு, ஒரே நேரம்.
நீங்கள் மாத்தினா ஊசி ஏமாந்துபோகும்."

அன்றிலிருந்து மாங்குளம் சந்தையில் நான் வேறு ஆள்.
தீட்டின வெள்ளையைத் தாண்டிப் போய்
தவிட்டோடு குத்தின சிவப்பைக் கையில் அள்ளி
மணந்து பார்க்கிறேன்.
பயற்றங்காய் முற்றலா என்று முறித்துப் பார்க்கிறேன்.
பூசணி இனிக்குமே என்று பயந்து
ரெலிபோனில் கேட்டு
ஒரு கரண்டிக்கு அனுமதி வாங்கினேன்.
வெங்காயம் கிட்டவும் ஆகாதாம்.
கோழிக்கடை நிஸ்தாரிடம்
தோலில்லாத நெஞ்சு கேட்டேன்.
"ஆஸ்பத்திரியில ஆரும் நிக்கினமோ?"
நாய்க்கு என்றேன்.
கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தான்,
பிறகு மிச்சக் கொழுப்பையும் சீவினான்.
முத்தையன்கட்டு ஜப்பான் மீன் மலிவு,
ஆனால் முள்ளெடுத்து முடிய
என் பாண் ஆறிவிடும்.

பேக்கரியில் மா நிறுக்கிற பழைய தராசை
இரவல் வாங்கினேன்.
சோறு நூற்றிருபது கிராம்.
உப்பில்லை. புளியில்லை.
ஒரு வாய் நானும் தின்று பார்த்தேன்.
பிறவுணி என்னைப் பார்த்த பார்வைக்கு
மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

வைகாசியில் சீனி திரும்பவும் ஏறியது.
அயல் பெடியளைச் சந்தேகப்பட்டேன்,
ரியூசன் போகிற பாரிசாதனை மறித்துச் சத்தமும் போட்டேன்.
காலையில் வேலியோரம்
அதன் கழிவில் கிடந்தன கொட்டைகள்:
பாலைப்பழம்.
பனிச்சங்குளத்துப் பக்கம் காடே உதிர்த்துக்கொண்டிருக்கிறது.
காட்டுக்கு யார் சொல்வது?
பாரிசாதனுக்கு ஒரு மாலுபணிஸ் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள், ஆனியில்,
பிறவுணி சாப்பாட்டை மணந்துவிட்டுப் படுத்தது.
எனக்கு நேரம் போய்விட்டது.
பிறகு தின்னும் என்று நினைத்து
ஊசியைப் போட்டேன், முழு அளவு.
பத்து மணிக்குக் கோதைமலர் எடுத்தாள்:
"கால் இழுக்குது, கண் சொருகுது, கெதியா வாங்கோ."
வந்தேன். பாட்டை நிறுத்த மறந்து வந்தேன்.
கண்ணாடியைத் திறந்து
கையில் அகப்பட்ட பணிஸின் ஐசிங்கை வழித்து
அதன் முரசில் தேய்த்தேன்,
கன்னத்துக்குள் தேய்த்தேன்,
பாட்டு பாடிக்கொண்டே இருந்தது.
மூன்றாவது பணிஸில்
வால் நுனி மட்டும் அசைந்தது.

நஞ்சு என்று பூட்டிவைத்ததை
என் விரலிலிருந்து நக்கியது அது.
வைத்தியர் இந்த முறை ஏசினா.
நிம்மதியாக இருந்தது.

இப்போது காலை ஆறு மணி.
கிண்ணம் அதற்கு முன்னால்.
ஊசி என் முதுகுக்குப் பின்னால்.
தின்னாமல் ஊசியில்லை, ஊசியில்லாமல் நான் வெளிக்கிடுவதில்லை.
மாங்குளத்தில் பாண் சூடாறுகிறது.
பிறவுணி சோற்றைப் பார்க்கிறது,
வண்டியைப் பார்க்கிறது,
ஒரு பயற்றங்காய்த் துண்டை மட்டும் எடுத்து
நிலத்தில் வைத்துவிட்டு
திரும்பவும் வண்டியைப் பார்க்கிறது.
தின்னடா, என்கிறேன்.